எதுவும் வரலைன்னா எதுவும் நடக்கலைன்னு அர்த்தமா?

விஎம், அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடற வர்ச்சுவல் மெஷின், அதுல நடக்கற ஈவண்ட் எல்லாத்தையும் ஒரே எடத்துல பாக்க நானே ஒரு கமாண்ட் லைன் டூல் எழுதி வச்சுருக்கேன்னு ரொம்ப நாளா கூட வேலை பாக்கறவங்ககிட்ட பீத்திக்கிட்டு இருந்தேன், அந்த டூலே ஒரு நாள் என் மானத்தை வாங்கிருச்சு. விஎம்களை ஓட்டற ஒரு ஹோஸ்ட் கம்ப்யூட்டர்ல டிஸ்க் ஃபுல் ஆகி நாலு விஎம் பாஸ் ஆகி, அதாவது பாதியில உறைஞ்சு கெடக்கு, யூஸ் பண்றவங்க கத்துறாங்க, என் டெர்மினல்ல டூல் பாட்டுக்கு கிணத்துல போட்ட கல்லு மாதிரி கம்முன்னு இருக்கு. கடைசியா வந்த வரி மூணு மணி நேரத்துக்கு முந்தினது. நடுவுல ரெண்டு தடவை அதை எட்டிப் பாத்து "சரி, இன்னைக்கு பிரச்சனை இல்லாம போகுது"ன்னு நெனச்சுட்டு வேற வேலை பாத்துருக்கேன், அதான் இன்னும் கடுப்பு.

டூல் கிராஷ் ஆகலை, எரர் எதுவும் அடிக்கலை, பிராசஸ் உயிரோடதான் இருந்துச்சு. ஆனா விஎம்களை நிர்வகிக்கற லிப்வர்ட்ங்கற சாஃப்ட்வேர்கூட இருந்த கனெக்‌ஷன் எப்பவோ போயிருச்சு, போனது அதுக்கே தெரியாது. ஈவண்ட் டூல் எழுதறவங்க எல்லாரும் ஈவண்ட் வந்தா எப்படி காட்டறதுன்னுதான் யோசிக்கறோம், கலர் என்ன, நெடுவரிசை எத்தனைன்னு. ஒண்ணுமே வராதப்போ அந்த வெத்து ஸ்கிரீனை நம்பலாமா வேணாமாங்கறதுதான் அசல் டிசைன் பிரச்சனைன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுச்சு. அதுக்கப்பறம் டூலை மொத்தமா திருப்பி எழுதினேன், அப்போ கத்துக்கிட்டதுதான் இந்த போஸ்ட்.

மொதல்ல கனெக்‌ஷன் ஏன் போச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. காலையில ஒரு வரியை நிறுத்திப் படிக்கணும்னு டெர்மினல்ல கன்ட்ரோல் எஸ் அமுக்கிருக்கேன், அது அவுட்புட்டை நிறுத்தி வைக்கற கீ, படிச்சுட்டு கன்ட்ரோல் க்யூ அமுக்கினா திரும்ப ஓடும். நடுவுல யாரோ கூப்பிட, ஏழெட்டு நிமிஷம் கழிச்சுதான் வந்து அமுக்கினேன். அவ்ளோதான் நான் பண்ண தப்பு. டெர்மினல் நின்னா என் டூல் எழுதறதும் நிக்கும், நான் பிரிண்ட் பண்ணதே ஈவண்ட் வந்ததும் லிப்வர்ட் கூப்பிடற ஃபங்ஷன், அதாவது கால்பேக்குக்கு உள்ளயே, அதனால கால்பேக் நின்னுச்சு, கால்பேக் நின்னா வர்ற மெசேஜை எடுக்கற ஈவண்ட் லூப்பும் நின்னுச்சு. பின்னணில ஓடற லிப்வர்ட் டீமன், கிளையண்ட் (இங்க என் டூல்) உயிரோட இருக்கான்னு பாக்க கீப்அலைவ்னு ஒரு மெசேஜ் அனுப்பும், டீஃபால்ட்ல 5 செகண்டுக்கு ஒண்ணு, 5 தடவை பதில் வரலைன்னா கனெக்‌ஷனை வெட்டிரும். அஞ்சாவதுக்கு அப்பறமும் இன்னொரு 5 செகண்ட் பாக்கும், கணக்கு போட்டா ஆறு அஞ்சு 30 செகண்ட். நான் போனது ஏழெட்டு நிமிஷம். டீமன் மேல தப்பே இல்ல, அது செத்துப்போன கிளையண்டுன்னு நெனச்சு கழட்டி விட்டுருச்சு, சரிதானே.

டூலோட அவுட்புட்டை பைப் போட்டு, அதாவது நேரா இன்னொரு கமாண்டுக்கு அனுப்பி, பக்கம் பக்கமா காட்டற லெஸ்ல பாத்தாலும் இதே கதைதான். லெஸ் தனக்கு வேணுங்கற அளவுதான் படிக்கும், லினக்ஸ்ல ஒரு பைப்புக்கு சாதாரணமா 64 கேபி தான் கொள்ளளவு, அது ரொம்பினதும் எழுதற பக்கம் அப்படியே நிக்கும். ஈவண்ட் கொட்டற ஹோஸ்ட்னா அது நெறையறதுக்கு அதிக நேரம் எல்லாம் ஆகாது.

இப்போ எப்படி பண்றேன்னா, கால்பேக்குக்குள்ள ஒரே வேலை, வந்ததை ஒரு க்யூல போடு, திரும்பிப் போ. எழுதறது அதே டூலுக்குள்ள தனியா ஓடற இன்னொரு திரெட். க்யூக்கு ஒரு அளவு வச்சுருக்கேன், ரொம்பிருச்சுன்னா புதுசா வர்றதை விட்டுடும், ஆனா எத்தனை விட்டோம்னு எண்ணி வச்சுக்கும், அடுத்து எழுத வழி கெடைச்சதும் மொத வரியா "37 ஈவண்ட் விட்டுப்போச்சு"ன்னு எழுதும். இதுக்கு என் டீம்ல ஒருத்தர் சண்டையே போட்டாரு, ஈவண்டை எப்படி தூக்கிப் போடலாம், க்யூக்கு அளவே வைக்காதீங்கன்னு. வைக்கலைன்னா மெமரி ஏறிக்கிட்டே போகும், விஎம் ஹோஸ்ட்ல மானிட்டர் பண்ற டூலே மெமரியைத் தின்னா அப்பறம் அதுக்கு ஒரு மானிட்டர் வைக்கணும். விட்டுப்போனது தப்பில்லை, விட்டதைச் சொல்லாம மறைக்கறதுதான் தப்பு. இன்னும் அவரு ஒத்துக்கலை.

ரெண்டாவது, கனெக்‌ஷன் மூடினா சொல்லுன்னு லிப்வர்ட்ல தனியா ஒரு கால்பேக் ரெஜிஸ்டர் பண்ணலாம், ஏன் மூடிச்சுங்கற காரணமும் வரும். நான் அதைப் பண்ணவே இல்ல, மேனுவல்ல படிச்ச ஞாபகம் கூட இருக்கு, அப்பறம் பண்ணிக்கலாம்னு விட்டது. அதே மாதிரி கிளையண்ட் பக்கத்துலேருந்தும் கீப்அலைவ் செட் பண்ணிக்கணும், இல்லைன்னா ரிமோட் ஹோஸ்ட்டோட பவர் போனாலும் நெட்வொர்க் நடுவுல அறுந்தாலும் நம்ம சாக்கெட் ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி காத்துக்கிட்டே இருக்கும்.

சரி, கனெக்‌ஷன் போச்சுன்னு தெரிஞ்சுது, திரும்ப கனெக்ட் பண்ணியாச்சு. அந்த இடைவெளில நடந்தது? லிப்வர்ட் ஈவண்டை எங்கயும் சேத்து வைக்காது, கேக்க ஆள் இல்லாதப்போ நடந்தது போனது போனதுதான். அதனால டூல் ஒவ்வொரு விஎம்மும் கடைசியா எந்த நிலைல இருந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கும், திரும்ப கனெக்ட் ஆனதும் மொத்த லிஸ்டையும் வாங்கி ஒப்பிட்டுப் பாக்கும், ஓடிக்கிட்டு இருந்தது இப்போ நின்னுருந்தா ஒரு வரி அடிக்கும். ஆனா அந்த வரியை மத்த ஈவண்ட் மாதிரி காட்டக்கூடாது. அதுல "இந்த நேரத்துலேருந்து இந்த நேரத்துக்குள்ள எப்பவோ"ன்னு ரெண்டு நேரம் இருக்கும், நாமளா ஊகிச்சதுன்னு ஒரு குறி இருக்கும். பின்னாடி யாராவது இன்சிடெண்ட் ரிப்போர்ட் எழுதறப்போ நம்ம டூல் குத்துமதிப்பா சொன்ன நேரத்தை வேதவாக்கா எடுத்துக்கிட்டா வம்பு.

இங்க இன்னொரு சூட்சுமம் இருக்கு, வரிசை. லிஸ்ட் எடுத்துட்டு அப்பறம் ஈவண்டுக்கு ரெஜிஸ்டர் பண்ணா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு விஎம் நின்னா அது ரெண்டு பக்கமும் சிக்காது. மொதல்ல ரெஜிஸ்டர் பண்ணணும், அப்பறம்தான் லிஸ்ட். அப்போ ஒரே விஷயம் ரெண்டு தடவை வரலாம், வந்தா வரட்டும், ரெண்டு தடவை வந்ததை ஒண்ணாக்கிடலாம், வராமப் போனதை எங்க போய் தேடறது. "இந்த விஎம் நிக்கறவரைக்கும் காத்திரு"ன்னு ஸ்கிரிப்ட்டுல போடற மோடுக்கும் இதேதான், நீங்க காத்திருக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அது நின்னுருந்தா விடிய விடிய காத்திருக்க வேண்டியதுதான். நான் காத்திருந்திருக்கேன்.

இப்போ ஈவண்ட் பக்கம் வருவோம், ஏன்னா வந்த வரியும் சில நேரம் பொய் சொல்லும். பொய்னு சொல்ல முடியாது, பாதி உண்மை.

என் பழைய டூல் டிஸ்க் ஃபுல் ஆன விஷயத்தை கனெக்‌ஷன் இருந்துருந்தாலும் ஒழுங்கா சொல்லிருக்காது. விஎம்மை நெஜமா ஓட்டற க்யூஎமுங்கற புரோகிராம் டிஸ்க்ல எழுதப் போய் ஹோஸ்ட்ல எடம் இல்லைன்னா டீஃபால்ட்டா கெஸ்ட்டை, அதாவது விஎம்முக்குள்ள ஓடற ஓஎஸ்ஸை, பாஸ் பண்ணிடும், கெஸ்ட்டுக்கு எரர் கொடுத்து அதோட ஃபைல் சிஸ்டத்தைக் குழப்பறதை விட அது எவ்ளவோ மேல், எடம் பண்ணிட்டு ரெஸ்யூம் பண்ணா விட்ட எடத்துலேருந்து ஓடும். ஆனா விஎம் தொடங்குது, நிக்குதுன்னு லிப்வர்ட்லேருந்து வர்ற லைஃப்சைக்கிள் ஈவண்ட் "சஸ்பெண்டட்". அட்மின் யாராவது வேணும்னே பாஸ் பண்ணாலும் அதே "சஸ்பெண்டட்". வித்தியாசம் ரெண்டாவதா வர்ற டீடெய்ல்ல மட்டும்தான் இருக்கு, அங்கதான் ஐஓ எரர்னு இருக்கும். நான் எடம் பத்தலைன்னு அந்த டீடெய்ல் நெடுவரிசையையே தூக்கிருந்தேன். அழகா தெரியணும்ல.

லைவ் மைக்ரேஷன் இன்னொண்ணு. ஒரு விஎம்மை ஒரு ஹோஸ்ட்லேருந்து இன்னொரு ஹோஸ்ட்டுக்கு நகத்தினா பழைய ஹோஸ்ட்ல "ஸ்டாப்டு"ன்னு வரும், டீடெய்ல்ல மைக்ரேட்டட். டீடெய்லைப் பாக்காத டூல் "ஐயோ செத்துப்போச்சு"ன்னு அலறும், விஎம் அங்க ஜம்முன்னு ஓடிக்கிட்டு இருக்கும். ஒரு ஹோஸ்ட்டைக் காலி பண்றப்போ இருபது மைக்ரேஷன் வரிசையா போகும், இருபது பொய் அலாரம். அதுக்கப்பறம் நெஜமாவே ஒண்ணு செத்தா யாரு பாப்பா?

அப்பறம் "ஷட்டவுன்"னும் "ஸ்டாப்டு"ம் ரெண்டு வரியா ஏன் வருதுன்னு கேப்பாங்க. மொதல்ல வர்றது கெஸ்ட் ஷட்டவுன் முடிச்சுருச்சுன்னு சொல்றது, ரெண்டாவது க்யூஎமு பிராசஸே போயிருச்சுன்னு சொல்றது. பாக்க ஒரே விஷயம் மாதிரி இருக்குன்னு ஒண்ணாக்கலாம்னு தோணும், ஆக்காதீங்க, மொத வரி வந்து ரெண்டாவது வராம தொங்கினா அதுவே ஒரு துப்பு.

ரீபூட் இதை விட மோசம். கெஸ்ட்டுக்குள்ளேருந்து ரீபூட் பண்ணா க்யூஎமு பிராசஸ் அப்படியே இருக்கும், அதனால லைஃப்சைக்கிள் ஈவண்ட் எதுவும் வராது. ரீபூட்டுன்னு தனி ஈவண்ட் டைப் இருக்கு, அதுக்கு தனியா ரெஜிஸ்டர் பண்ணணும். ஒரு விஎம்முக்குள்ள ஓஎஸ் செயலிழந்து (கெர்னல் பேனிக்) தானா ரீபூட் ஆகிக்கிட்டே சுத்திக்கிட்டு இருந்தா, லைஃப்சைக்கிள் மட்டும் கேக்கற டூலுக்கு அது காலையிலேருந்து நிம்மதியா ஓடற விஎம். அதனால இப்போ டூல் தொடங்கறப்போ எந்தெந்த டைப்புக்கு ரெஜிஸ்டர் ஆகிருக்குன்னு ஒரு வரி சொல்லும், எதைக் கேக்கலைங்கறதும் அதுலயே வரும்.

லிப்வர்ட்டோட விர்ஷ்ங்கற கமாண்ட் லைன் டூல்லயே ஈவண்ட் கமாண்ட் இருக்கே, அப்பறம் எதுக்கு இதெல்லாம்னு கேட்டா நியாயமான கேள்விதான். ஆல், லூப், டைம்ஸ்டாம்ப் மூணு ஆப்ஷனும் போட்டா எல்லா ஈவண்டும் நேரத்தோட ஓடிக்கிட்டே இருக்கும், லூப் போடலைன்னா ஒரு ஈவண்ட் வந்ததும் நின்னுரும், ஸ்கிரிப்ட்ல காத்திருக்க அது வசதி. சொந்தமா எழுதறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அதை ஓட்டிப் பாருங்க, பாதிப் பேருக்கு அதுவே போதும். எனக்குப் போதாததுக்கு காரணம் மேல சொன்ன ஒப்பிட்டுப் பாக்கற சமாச்சாரமும், மத்த புரோகிராம் படிக்க வசதியான ஜேசன் ஃபார்மட் அவுட்புட்டும்தான்.

க்யூஎமுகிட்டயே நேரா, அதை கன்ட்ரோல் பண்ற வழியான க்யூஎம்பி சாக்கெட்ல பேசிடலாம்னு மொதல்ல முயற்சி பண்ணேன், வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்ட கதை. கனெக்ட் பண்ணதும் அது ஒரு வணக்கம் சொல்லும், நாம கேப்பபிலிட்டீஸ் கமாண்டை அனுப்பறவரைக்கும் ஒரு ஈவண்ட் தராது, இது தெரியாம அரை மணி நேரம் உக்காந்துருந்தேன். அப்பறம் ஒரு மானிட்டர் சாக்கெட்டுக்கு ஒரு நேரத்துல ஒரு கிளையண்ட்தான், லிப்வர்ட் ஓட்டற விஎம்னா அந்த எடத்துல லிப்வர்ட் ஏற்கனவே உக்காந்துருக்கும். ஆனா க்யூஎம்பில ரெண்டு நல்ல விஷயம் இருக்கு. ஷட்டவுன் ஈவண்ட்ல காரணம் வரும், கெஸ்ட்டே நிறுத்துச்சா, ஹோஸ்ட்லேருந்து சிக்னல் வந்துச்சா, பேனிக்கான்னு. ரெண்டாவது, ஒவ்வொரு ஈவண்ட்லயும் மைக்ரோசெகண்ட் வரைக்கும் டைம்ஸ்டாம்ப் இருக்கும்.

லிப்வர்ட்டோட லைஃப்சைக்கிள் கால்பேக்ல டைம்ஸ்டாம்ப் கெடையாது. இதை நிறைய பேர் கவனிக்கறதில்லை. விர்ஷ் காட்டற நேரம் கூட அது கையில வந்து சேந்த நேரம்தான், நடந்த நேரம் இல்ல. லோக்கல்ல வித்தியாசம் தெரியாது, நெட்வொர்க் தடுமாறற ரிமோட் ஹோஸ்ட்னா தெரியும். அதனால ஜேசன்ல அந்த ஃபீல்டுக்கு "நேரம்"னு பேர் வைக்காம "கெடைச்ச நேரம்"னு அர்த்தம் வர்ற மாதிரி வச்சேன். ஜேசன்ல எப்பவும் யூடிசி, டெர்மினல்ல மட்டும் லோக்கல் நேரம். விஎம்மை அடையாளம் காட்ட ஜேசன்ல யூயூஐடிங்கற மாறாத நீள அடையாளம், டெர்மினல்ல பேர். ஓடற விஎம்முக்கு லிப்வர்ட் தர்ற நம்பர் ஐடியை எங்கயும் நம்பாதீங்க, ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகறப்பவும் அது மாறும்.

அவுட்புட் பத்தி ஒரு புலம்பல். டூலை டெர்மினல்ல ஓட்டினா ஈவண்ட் டக்குடக்குன்னு வருது, பைப் போட்டு, வேணுங்கற வரியைத் தேடித் தர்ற கிரெப்ல விட்டா ஒண்ணுமே வரலை, இதுவும் அந்த வெத்து ஸ்கிரீன் கேஸ்தான். காரணம் பஃபரிங். அவுட்புட் டெர்மினலுக்குப் போனா ஒவ்வொரு வரியா போகும், பைப்புக்குப் போனா பல கேபி சேந்தப்பறம்தான் தள்ளும். நாளைக்கு பத்து ஈவண்ட் வர்ற எடத்துல அந்த பஃபர் ரொம்ப ஒரு வாரம் கூட ஆகலாம். டூல் எழுதறவங்க ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் பண்ணியே ஆகணும், இதுல பேச்சே கெடையாது, இது பெர்ஃபார்மன்ஸ் பாக்கற எடமே இல்ல. அப்படிப் பண்ணாலும் கிரெப்புக்குப் பின்னாடி இன்னொரு பைப் இருந்தா கிரெப்பும் சேத்து வைக்கும், அதுக்கு லைன் பஃபர்டுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை ஹெல்ப்லயே ஒரு உதாரணமா எழுதி வச்சுட்டேன், ஏன்னா கேள்வி கேக்கறவங்க எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க.

பைப்புக்குப் பின்னாடி இருக்கற ஹெட் கமாண்ட் மாதிரி ஒண்ணு பத்து வரி வாங்கிட்டு கெளம்பிருச்சுன்னா நம்ம பைத்தான் டூல் அரைப் பக்கத்துக்கு டிரேஸ்பேக்னு எரர் விவரம் கக்கும், அதைப் பிடிச்சு சத்தமில்லாம வெளிய போக வைங்க. கலர் டெர்மினலா இருந்தா மட்டும், நோ கலர்ங்கற என்விரான்மெண்ட் வேரியபிள் இருந்தா அதுவும் வேணாம். கனெக்‌ஷன் போச்சு வந்துச்சுங்கற பேச்செல்லாம் எரர் மெசேஜுக்குன்னு இருக்கற ஸ்டாண்டர்ட் எரர் வழியில, ஈவண்ட் மட்டும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்ல. இது எல்லாருக்கும் தெரிஞ்சது, ஆனா இங்க ஒரு சிக்கல், ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மட்டும் ஃபைல்ல சேத்து வைக்கறவங்களுக்கு நடுவுல கனெக்‌ஷன் போனதே தெரியாமப் போயிரும், அவங்களுக்கு மறுபடியும் வெறும் இடைவெளிதான். அதனால ஜேசன் மோட்ல மட்டும் கனெக்‌ஷன் சமாச்சாரத்தையும் ஒரு ரெக்கார்டா ஸ்ட்ரீம்லயே போடறேன். நிமிஷத்துக்கு ஒண்ணு "இருக்கேன்"னு ஒரு ரெக்கார்டும் போகும். ஜேசனைப் படிக்கற ஜேக்யூ டூலை வச்சு வடிகட்டிக்கறது யூஸ் பண்றவங்க பாடு, அந்த வரி வரலைன்னா டூலே இல்லைன்னு அர்த்தம்.

எக்சிட் கோட், அதாவது டூல் முடியறப்போ திருப்பித் தர்ற நம்பர், அதைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை, காத்திருக்கற மோட்ல டைம் முடிஞ்சு வெளிய வந்தா 124, டைம்அவுட் கமாண்ட் அதைத்தான் தருது, புதுசா ஒண்ணு கண்டுபிடிக்க வேணாம்.

இவ்ளோ எழுதினதுக்கப்பறம் ஒருத்தர் விஎம் எக்சிட்டையும் இதே டூல்ல காட்டுங்கன்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டேன். பேருதான் ரெண்டுக்கும் ஈவண்ட். லைஃப்சைக்கிள் ஈவண்ட் நாளைக்கு பத்தோ இருபதோ, ஒவ்வொண்ணும் முக்கியம். எக்சிட்டுங்கறது கெஸ்ட்லேருந்து ப்ராசஸர், விஎம்மை ஓட்டற அடுக்கான ஹைப்பர்வைசருக்குத் திரும்பி வர்றது, செகண்டுக்கு ஆயிரக்கணக்குல நடக்கும், அதை வரிவரியா காட்டினா மழைத்துளியை எண்ணற மாதிரி, அங்க எண்ணிக்கையும் வேகமும்தான் வேணும். அதுக்கு, லினக்ஸோட ஹைப்பர்வைசரான கேவிஎம்மைப் பாக்கற கேவிஎம் ஸ்டாட்னு ஒரு டூல் இருக்கு, லினக்ஸ் கெர்னல் சோர்ஸ் கூடவே வருது, டீபக்எஃப்எஸ், டிரேஸ்பாயிண்ட்னு கெர்னல் தகவல் தர்ற ரெண்டு வழிலேருந்தும் எடுத்துக் காட்டும், பதிவு பண்ற லாக் மோடும் இருக்கு. பர்ஃப் கேவிஎம்மும் இருக்கு. அதுல மொத தடவை பாத்தப்போ ஹெச்எல்டி எக்சிட்டுக்கு நேரம் தொண்ணூறு பர்சண்ட்டுக்கு மேல காட்டவும் எனக்கு பேயறைஞ்ச மாதிரி ஆயிருச்சு, அப்பறம்தான் புரிஞ்சுது, அது கெஸ்ட்டுக்கு வேலை இல்லாம ப்ராசஸரை விட்டுட்டுத் தூங்கற நேரம். அங்க பெருசா தெரியற நம்பர் ஒரு பிரச்சனையும் இல்லாத சும்மா இருக்கற விஎம்.

ஃபுல் ஸ்கிரீன் போடச் சொல்லியும் ரெண்டு பேர் கேட்டாங்க, டாப் கமாண்ட் மாதிரி. எக்சிட்டுக்கு அது சரி. லைஃப்சைக்கிளுக்கு வேணாம், ஸ்கிரீன் மாறினா பழைய வரி போயிரும், எனக்கு நேத்து ராத்திரி என்ன நடந்துச்சுன்னு மேல ஸ்க்ரோல் பண்ணிப் பாக்கணும். ஒரே ஒரு விட்டுக்கொடுத்தல், டெர்மினலா இருந்தா மட்டும் அடியில ஒரு வரி, "3 ஹோஸ்ட், 41 விஎம், கடைசி பதில் 4 செகண்டுக்கு முன்னாடி"ன்னு தானா மாறிக்கிட்டே இருக்கும். அந்த செகண்ட் கணக்கு ஹோஸ்ட்கிட்ட கேட்டு நெஜமாவே வாங்கின பதிலை வச்சு வரணும். மொத வெர்ஷன்ல நான் அதை டூலோட சொந்த டைமரை வச்சு ஓட்டி வச்சுருந்தேன், கனெக்‌ஷன் செத்தாலும் அது பாட்டுக்கு அழகா எண்ணிக்கிட்டு இருந்துருக்கும், நல்லவேளை ரிவ்யூல பிடிச்சாங்க. பிடிச்சது யாருன்னு நெனைக்கறீங்க, க்யூ அளவுக்கு சண்டை போட்டாரே அவரேதான்.

இப்போ ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்னாடி ஒரு டெஸ்ட் ஓட்டறேன். டூலை ஓட விட்டு, ஸ்டாப் சிக்னல் அனுப்பி அப்படியே உறைய வைக்கறது, அந்த நேரத்துல ஒரு டெஸ்ட் விஎம்மை நிறுத்தறது, 40 செகண்ட் கழிச்சு கன்டினியூ சிக்னல். திரெட்டு க்யூ எல்லாம் சேந்தே உறைஞ்சுருக்கறதால கீப்அலைவ் தப்பவே முடியாது, கனெக்‌ஷன் கண்டிப்பா போகும். முழிச்சதும் டூல் மூணு வரி அடிக்கணும், கனெக்‌ஷன் போச்சு, திரும்ப வந்துச்சு, நடுவுல எப்பவோ அந்த விஎம் நின்னுருக்கு. போன வாரம் ரெண்டு வரிதான் வந்துச்சு, மூணாவதைத் தேடிக்கிட்டு இருக்கேன்.